தாத்தாவின் குரலில் பேசிய கடவுள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு முன்னால் மாஸ்டர், முதுகுக்குப் பின்னால் ஹாரன் மாஸ்டர். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வண்டிக்குத் தனியாக ஹாரன் வேண்டாம் என்று பழக வந்தவர்கள் வைத்த பேர் அது. அரசல்புரசலாக அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஹாரனை எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கக் கூடாது என்று தாம் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுப்பதால் வந்த பேர் என்று நினைத்துக்கொண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தார்.

அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் நுழைந்தால் வேறு ஆள். பேச்சு பஞ்சில் வைத்து நீட்டுகிற மாதிரி வரும். அங்கே அவர் மூப்பர், சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். பெரியவர்களுக்கான வேத வகுப்பை எடுப்பவரும் அவர்தான். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் முதல் ஆளாகப் போய்க் கட்டிலருகே நிற்பார், நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஜெபிப்பார். "ஐயா வந்து ஜெபிச்சா பாதி வியாதி அப்பவே இறங்கிடுது" என்று சொல்கிறவர்கள் உண்டு.

இதில் வேஷம் எதுவும் இல்லை. இரண்டுமே அவர்தான். அதுதான் சங்கடம்.

இளவயதில் லாரியில் கிளீனராக ஏறியவர். அந்த லாரியின் டிரைவர், ஸ்பேனரால் முட்டியில் தட்டித் தட்டியே இவருக்குக் கியர் மாற்றக் கற்றுக்கொடுத்தார். பிறகு இவரே டிரைவரானார். குடி, சீட்டு, வாய்ச்சண்டை எல்லாம் கூடவே வந்தன. ஒரு மழைநாளில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி உருண்டது. கண்ணாடியை உடைத்து இவரை வெளியே இழுத்தார்கள். சிராய்ப்போடு தப்பினார். இனி இந்த உயிர் என்னுடையதல்ல என்று அன்றே முடிவு கட்டினார். ஆண்டவரிடம் வந்தார். குடி போனது, சீட்டு போனது, கூட்டாளிகள் போனார்கள். வண்டிக்குள் இருந்த குரல் மட்டும் போகவில்லை. போக வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. ரோட்டில் மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் மேலே போய்ச் சேர்ந்துவிடுவான், நான் சத்தம் போடுவது அவன் உயிரைக் காப்பாற்றத்தான் என்பது அவர் கணக்கு. அதை அன்பு என்றே நம்பியிருந்தார்.

அந்த நாட்களில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அவரிடம் பழக வந்தாள். நாற்பதை நெருங்குகிற வயது. சூடான ரொட்டிகளைத் தட்டில் அடுக்கி அடுக்கி முன்கையெல்லாம் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். காலையில் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை ஓட்ட ஆள் தேவை, உரிமம் எடுத்துக் காட்டினால் அந்த வேலை உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அடுப்புச் சூட்டிலிருந்து வெளியே வந்து காற்றுப்பட வேலை செய்யலாம் என்று ஆசையோடு வந்தவள். நேரம் தவற மாட்டாள். சொன்னதைத் திருப்பிச் சொல்வாள். ஆனால் கிளட்ச் மட்டும் அவள் காலுக்கு வசப்படவில்லை. மெதுவாக விட வேண்டியதைச் சட்டென்று விட்டுவிடுவாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுபோகும். உடனே, "ஐயோ, மன்னிச்சுக்கோ" என்பாள், வண்டியைப் பார்த்து.

"வண்டிகிட்ட எதுக்கும்மா மன்னிப்பு? என்கிட்ட கேளு. முதுகு போகுது எனக்கு" என்பார் மாஸ்டர்.

அன்றைக்கு மதியம் பேத்தியும் பின் இருக்கையில் இருந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, மீதி வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவது மாஸ்டரின் வழக்கம். பேத்தி பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்பாள், படம் வரைவாள், இல்லாவிட்டால் முன்னால் நடப்பதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரொட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்து நாற்சந்தியில் சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. பச்சை வந்தது. அவள் கிளட்சை விட்டாள், வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி சாவியைத் திருப்பினாள், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன் சத்தம் எழும்பியது. வேலை நேரம் முடிந்து தொழிற்சாலை வாசலில் ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். தன்னோடு வேலை பார்ப்பவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் அவசரப்பட்டாள். கியரைத் தேடின கை வைப்பரைத் தட்டிவிட்டது. மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் கறக் கறக்கென்று ஆடியது.

மாஸ்டருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"கண்ணு எங்கம்மா இருக்கு, முதுகுலயா? எத்தன தடவ சொல்றது? மண்டைல என்ன இருக்கு, ரொட்டி மாவா? இறங்கு! இறங்குங்கிறேன்ல! சாவியக் குடு!"

ஜன்னல் கண்ணாடிகள் இறங்கியிருந்தன. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

அவள் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இறங்கினாள். பின் கதவைத் திறந்து, பேத்தி பக்கத்தில் வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். தொழிற்சாலைப் பக்கம் போகாமல், ஆட்கள் இல்லாத எதிர்த் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, கண்ணாடி வழியே தலையை நீட்டி, "ஒரு தள்ளுவண்டி வாங்கிக்கோம்மா! அதுல கிளட்ச் கிடையாது!" என்று கத்தினார். வாசலில் நின்ற யாரோ கடகடவென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டியதும், "பாப்பாவுக்கு ஐஸ்கிரீம் வேணுமா?" என்று கேட்டார். அது ஞாயிற்றுக்கிழமைக் குரல்.

அந்தப் பெண் மறுபடி வரவில்லை. சில பேர் பாதியில் நின்றுபோவது சகஜம்தான் என்று மாஸ்டர் மறந்தும் போனார்.

சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். ஆதி மனிதனும் மனுஷியும் தோட்டத்தில் கனியைத் தின்றுவிட்டு ஒளிந்துகொள்ள, ஆண்டவர் வந்து தேடுகிற கதை. சொல்லிக்கொடுத்த ஆசிரியை புது மாதிரி ஆள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்க வேண்டாம், கதையைப் புரிந்துகொண்டு சொந்தமாகப் பேசட்டும் என்று விட்டுவிட்டாள். ஆண்டவரை மேடையில் காட்ட முடியாதல்லவா, திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அந்தக் குரலாக மாஸ்டரின் பேத்தியைப் போட்டிருந்தாள்.

மாஸ்டர் முன் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். காகித இலைகளை ஒட்டிக்கொண்ட ஆதாம் ஒரு நாற்காலிக்குப் பின்னால் குந்தினான். கூடம் அமைதியானது. திரைக்குப் பின்னாலிருந்து மைக் கரகரத்தது.

"டேய் ஆதாம்! எங்கடா இருக்க? கண்ணு எங்க இருக்கு, முதுகுலயா? எத்தன தடவ சொல்றது? மண்டைல என்ன இருக்கு, ரொட்டி மாவா?"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கூடமே குலுங்கியது.

"இறங்கு! இறங்குங்கிறேன்ல! சாவியக் குடு!"

ஆதாமாக நடித்த பிள்ளை திகைத்துப்போய், இல்லாத சாவியைக் கால்சட்டைப் பைக்குள் துழாவினான். சிரிப்பு கூரையைத் தொட்டது. "மூப்பர் வீட்டுப் பிள்ளைன்னா கொக்கா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அச்சு அசல் தாத்தா குரல்!" என்றாள் இன்னொருத்தி. அவரிடம் வண்டி பழகியவர்கள் சபையிலேயே நாலைந்து பேர் உண்டு. அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மாஸ்டரும் சிரித்தார். சிரிக்காமல் எப்படி இருப்பது? வாய்தான் சிரித்தது. காதிரண்டும் சுட்டன. மற்றவர்களுக்கு அது பொதுவான தாத்தா குரல். அவருக்கோ அது எந்தத் தெரு, எந்தச் சந்தி, யார் தலை குனிந்து நடந்த மதியம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தெரிந்தது. தள்ளுவண்டியையும் சொல்லிவிடுவாளோ என்று பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, ஆசிரியை ஓடிப்போய் மைக்கை வாங்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் பேத்தியை மடியில் உட்கார வைத்துக் கேட்டார். கோபம் இல்லை, கெஞ்சல்தான்.

"ஏன் பாப்பா அப்படிப் பேசின? உங்க டீச்சர் அப்படியா சொல்லிக்குடுத்தாங்க?"

"டீச்சர் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல தாத்தா. கடவுள் எப்படிப் பேசுவாருன்னு கேட்டேன். உனக்கு யார ரொம்பப் பெருசா தோணுதோ, யார ரொம்பப் பிடிக்குமோ, அவங்கள நினைச்சுக்கோன்னாங்க." பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள். "எனக்கு நீதானே தாத்தா பெருசு."

மாஸ்டர் பொத்தானிலிருந்து அவள் விரலை மெல்ல விலக்கினார்.

"ஆனா நீ நிஜமாவே கோபப்பட்டது அந்த அத்தைகிட்டதானே? அதான் அத நினைச்சுப் பேசினேன். அந்த அத்தை அப்புறம் வரவே இல்லையே தாத்தா. கடவுளும் அப்படித்தானா? இறங்குன்னு சொல்லிட்டா, அப்புறம் வரவே கூடாதா?"

"போ பாப்பா, போய் விளையாடு" என்று இறக்கிவிட்டார். அதற்குமேல் அந்தக் கண்களைப் பார்க்க அவரால் ஆகவில்லை.

அடுப்படியில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நான் வண்டியில அவ்வளவு மோசமாவா பேசுறேன்?"

அவள் திரும்பவில்லை. "உங்க பக்கத்துல உக்காந்து நானும் ஒருநாள் ஓட்டிப் பாத்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கே எனக்கு நடக்கறது ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"விளையாடாத."

"நான் எங்கங்க விளையாடுறேன்? உங்ககிட்ட ரெண்டு குரல் இருக்கு. சபைக்கு ஒண்ணு, காருக்கு ஒண்ணு. வீட்டுக்கு எது வந்திருக்குன்னு நீங்க கதவு திறக்கற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். அதுக்குத் தகுந்த மாதிரி நானும் சட்டி பானையை உருட்டாம இருந்துக்குவேன்." தட்டை அலசி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன வருஷமா பழகிடுச்சு. பிள்ளைக்கும் பழகிடக் கூடாதேன்னுதான்."

அவர் அறைக்குள் போய் வேதத்தை எடுத்துப் பிரித்தார். அந்தத் தோட்டக் கதையை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறார். ஆண்டவர் அவர்களை வெளியே அனுப்பினது உண்மைதான். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அவரே அவர்களுக்கு உடை செய்து உடுத்திவிட்டார் என்று ஒரு சின்ன வரி அங்கே இருக்கிறது. அந்த வரி வரும்போதெல்லாம் மாஸ்டர் வகுப்பில் ஒரு நிமிடம் நிறுத்துவார். "பாத்தீங்களா? தண்டிக்கும்போதும் வெட்கத்த மூடித்தான் அனுப்புறாரு. அதுதான் நம்ம ஆண்டவர் குணம். அந்தக் குணம் நம்மகிட்டயும் தெரியணும்" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

இப்போது அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கப்பட்டு ஒளிந்தவர்களைத் தேடிப்போய் மூடியவர் ஆண்டவர். ஆசையோடு வந்தவளை, அவளுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் முன்னால் உரித்து நடுத்தெருவில் அனுப்பியவன் நான். அனுப்பிவிட்டு, பின்னாலேயே தலையை நீட்டி ஒரு நகைச்சுவையும் சொன்னவன். யாரோ சிரித்ததும் மனம் குளிர்ந்தவன். புத்தகத்தை மூடினார். மூடின பிறகும் அந்தச் சிரிப்புதான் கேட்டது.

மறுநாள் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போனார். முன்வாசல் வழியாகப் போகக் கால் வரவில்லை. பின்பக்கம் மாவு மூட்டை இறக்கும் கதவு ஒன்று உண்டு. அங்கே நின்ற ஆளிடம் கேட்டு உள்ளே போனார். அனல் முகத்தில் அடித்தது. இயந்திரம் ரொட்டியைத் துண்டு போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, துண்டான ரொட்டிகளைப் பைக்குள் இட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது.

"என்ன மாஸ்டர்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பும்மா. மனசு கேக்கல. மன்னிச்சுக்கணும். மறுபடி வாங்க, நான் பொறுமையா சொல்லித் தர்றேன்."

"என்ன சொல்றீங்க? மெஷின் சத்தத்துல கேக்கல."

கொஞ்சம் கிட்டே போய் அதையே சொன்னார். இன்னும் மெதுவாக.

அவள் ஒரு ரொட்டிப் பையின் வாயை முறுக்கிக் கட்டி வைத்தாள். "வேன் வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு மாஸ்டர். முதலாளி கேட்டாரு, என்னால முடியாதுன்னு நானே சொல்லிட்டேன். அன்னிக்கு நடந்தத அவரும் கேள்விப்பட்டிருந்தாரு. ஏன்னுகூடக் கேக்கல." அடுத்த பையை எடுத்தாள். "உங்க வண்டிக் கண்ணாடியில ஒரு சிலுவை தொங்கும். நீங்க கத்தக் கத்த அது ஆடிக்கிட்டே இருந்துச்சு. உங்க முகத்தப் பாக்க முடியாம அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பாவம், அதுவும் பயந்து போயிடுச்சுன்னு தோணுச்சு."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"திட்டுறப்ப நடுரோட்டுல நின்னு திட்டினீங்க. மன்னிப்பு மட்டும் பின்வாசல் வழியா வருதா?"

மாவு மூட்டை இறக்கும் கதவு வழியாகவே அவர் வெளியே வந்தார். சட்டைத் தோளில் மாவு ஒட்டியிருந்தது. காரில் ஏறி உட்கார்ந்தபோது முதலில் வந்தது கோபம். மாஸ்டர் இதை மறைத்ததே இல்லை, பிற்பாடு வேத வகுப்பிலும் சொன்னார். இடம் தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறவனிடம் இப்படியா பேசுவாள் என்று பல்லைக் கடித்தார். கண்ணாடியில் தொங்கின சிலுவை கண்ணில் பட்டது. இதைக் கழற்றி வைத்துவிடலாமா என்று கையை நீட்டினார். இதைக் கழற்றினால் எனக்குக் கத்துவதற்கு வசதியாகத்தான் போகும் என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டார். அப்போதுதான், அவள் சொன்னது அத்தனையும் நியாயம் என்று உறைத்தது.

உறைத்தது சரி, செய்ய வேண்டுமே. நாற்சந்தியில் நின்று கத்தச் சொன்னால் யோசிக்காமல் கத்துகிற மனிதருக்கு, அதே இடத்தில் நின்று "தப்பு என்னுடையது" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த வழியாகப் போகிற வகுப்புகளை வேறு தெருவுக்கு மாற்றினார். உடம்பு சரியில்லை என்று ஒருநாள், மழை வரும்போல் இருக்கிறது என்று ஒருநாள். லாரி உருண்டபோதுகூடத் தாம் இப்படிப் பயந்ததில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

"லாரி உருண்டப்ப சுத்தி நின்னு யாரும் பாக்கலையே" என்றாள் அவள்.

கடைசியில் ஒரு மாலை, வேலை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பார்த்து முன்வாசலில் போய் நின்றார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். ரொட்டி வேனின் ஓட்டுநர், "அட, ஹாரன் மாஸ்டரு! இங்க யாருக்கு வகுப்பு?" என்று சிரித்தான். அப்போதுதான் அந்தப் பேரின் உண்மையான பொருள் அவருக்குப் புரிந்தது. இவ்வளவு நாள் பெருமைப்பட்டதை நினைத்து உடம்பு கூசியது.

அவள் வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"இந்தம்மாவ அன்னிக்கு இதே இடத்துல வச்சு நான் கேவலமாப் பேசினேன்." நாற்சந்தி முழுக்கக் கேட்கக் கத்துகிற குரல், அன்று பக்கத்தில் நின்றவருக்கே சரியாக எட்டவில்லை. ஓரடி முன்னால் வந்து இன்னும் உரக்கச் சொன்னார். "உங்கள்ல பல பேர் கேட்டிருப்பீங்க. அவங்களுக்கு ஓட்ட வராம இல்ல. எனக்குச் சொல்லிக்குடுக்க வரல. அவங்க மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்கம்மா."

சிரித்த ஓட்டுநர் சிரிப்பை நிறுத்தினான். யாரோ செருமினார்கள். ஒருவரும் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்திருந்தார் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கேட்டுச்சு மாஸ்டர்" என்றாள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

அவ்வளவுதான். நடந்து போய்விட்டாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. குனிந்தது அவர்தான். காரை நிறுத்தின இடம்வரை நடக்கிற அந்தத் தெரு, அவர் வாழ்க்கையில் நடந்த தெருக்களிலேயே நீளமானது.

அடுத்த ஞாயிறு வேத வகுப்பில் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னார், தள்ளுவண்டியையும் விடவில்லை. "விடுங்க மூப்பரே, பிள்ளை ஏதோ விளையாட்டுக்குப் பேசுச்சு" என்றார் ஒருவர். "விளையாட்டு இல்லீங்க. கண்ணாடி பொய் சொல்லுமா? ஆண்டவர் எப்படி இருப்பாருன்னு என்னப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு குழந்த, தெரிஞ்சுக்கிட்டதச் சொல்லிடுச்சு" என்றார் மாஸ்டர். அவரிடம் வண்டி பழகிய ஒரு பெண் பின்வரிசையில் எழுந்து, "நானும் உங்ககிட்ட கத்துக்கிட்டு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன் ஐயா. சபையில உங்களப் பாத்துப் புன்னகை பண்ணினது பயத்துலதான்" என்றாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவளிடமும் மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்க வரிசை நீண்டுகொண்டே போகும்போல் இருந்தது.

ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். கைப்பிரேக்கை எடுக்காமலே வண்டியை உறுமவைத்த ஒரு கணக்குப்பிள்ளையிடம், "யோவ்! மூளை இருக்கா?" என்று பாதி வாக்கியம் பாய்ந்துவிட்டது. மீதியைக் கடித்து நிறுத்தினார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். "மன்னிச்சுக்குங்க. அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். ஏச்சுக்குப் பயப்படாத கணக்குப்பிள்ளை இதற்குத்தான் வெலவெலத்துப் போனார். "மாஸ்டர், உடம்புக்கு எதுவும் முடியலையா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். கைப்பிரேக்க எடுங்க."

கத்துவதைவிட மன்னிப்புக் கேட்பதற்கு அதிக நேரம் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொண்டார். ஒருநாளைக்கு இரண்டு பேரிடம் கேட்ட நாட்களும் உண்டு. யாரிடமும் கேட்காமல் வீடு வந்த நாட்களும் மெல்ல மெல்ல வந்தன. அந்த நாட்களில்கூட அந்த நாற்சந்தியைக் கடக்கும்போது காது சூடாகும். அந்தச் சூடு தணிய வேண்டும் என்று முதலில் ஜெபித்தார். பிறகு, அது இருக்கட்டும் என்று அந்த ஜெபத்தை விட்டுவிட்டார்.

குளிர்காலம் முடிகிற சமயம், பள்ளியின் முன்னறையில் அவர் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்து நின்றாள். கூடவே அவள் சாயலில் இளம்பெண் ஒருத்தி.

"நான் ஓட்டக் கத்துக்கிட்டேன் மாஸ்டர். வேற இடத்துல, ஒரு அம்மாகிட்ட. உரிமமும் வந்துடுச்சு. வேன் இல்ல, சின்ன வண்டிதான், தொழிற்சாலைக்குச் சாமான் எடுத்துட்டு வர." அவள் குரலில் பெருமையும் இல்லை, குத்தலும் இல்லை. "இது என் தங்கச்சி. பழகணுமாம்."

மாஸ்டர் துணியைக் கீழே வைத்தார். "அந்த அம்மாகிட்டயே கூட்டிட்டுப் போகலாமேம்மா."

"அவங்க ஊர் மாறிப் போயிட்டாங்க. பக்கத்துல வேற இடம் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "வாசல்ல வந்து நின்னீங்கல்ல, அதையும் நினைச்சுப் பாத்தேன். ஒரு தடவ சத்தம் போட்டாலும் இறங்கிடுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"சரிம்மா" என்றார். வேறு எதைச் சொன்னாலும் அதிகமாகிவிடும்.

வண்டி தெருவில் நின்றது. தங்கை ஓட்டுநர் இருக்கையில் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருத்தினாள். அக்கா உள்ளே ஏறவில்லை, நடைபாதையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கை அவரைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"நீங்க கத்துவீங்கன்னு அக்கா சொன்னா."

மாஸ்டருக்குக் காது சுட்டது. "ஆமாம்மா, கத்துவேன். கத்தாம இருக்கத்தான் பழகிக்கிட்டு இருக்கேன். நானும் உன்ன மாதிரி பழகுற ஆள்தான்."

"கத்தினா இறங்கிடவா?"

"இறங்கிடு."

"நடுரோட்டுலயேவா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சீட் பெல்ட்டை மாட்டினார். "இல்லம்மா. கண்ணாடிய பாத்து, சிக்னல் போட்டு, வண்டிய ஓரமா நிறுத்திட்டு இறங்கு. நான் கத்தினேன்னு நீ அடிபடக் கூடாது. இப்ப கிளட்ச மிதி. நிதானமா. அணைஞ்சா அணையட்டும், நான் இருக்கேன்."

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. நடைபாதையில் நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார், மூடினார், ஒரு மூச்சை இழுத்து விட்டார்.

"பரவாயில்ல" என்றார். "மறுபடி எடு."